உடைந்த பீங்கானில் ஒரு பூந்தொட்டி



உடைந்த பீங்கானையும் கண்ணாடி வளையலையும் குப்பைப் பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அதை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையை அது கிழிக்கிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அந்த இடையூறு நம் வீட்டிலிருந்தே புறப்படலாமா?

சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல் உடைந்த ஓடு, பீங்கான், வளையல்களைச் சேர்த்தே 'ராக் கார்டன்' தோட்டத்தை உருவாக்கினார். 1976-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. நாம் ஒரு தொட்டியில் தொடங்கலாம்.

மண் தொட்டியை நீரில் நனைத்துக் கொள்ளுங்கள். கையுறை அணிந்து, பீங்கானைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். சிமெண்ட் 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு குழைத்துத் தொட்டியின் வெளிப்புறம் பூசுங்கள். காயுமுன் துண்டுகளைப் பதியுங்கள். பூ, கொடி, எண்முனை நட்சத்திரம் அழகாக அமையும். மறுநாள் இடுக்குகளையும் கூர்மையான ஓரங்களையும் சிமெண்ட் கரைசலால் மூடுங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள். அடித்துளை அடைபடக் கூடாது; நீர் தேங்கினால் கொசு பெருகும்.

மிஞ்சிய துண்டுகளை அட்டைப்பெட்டியில் இட்டு, 'கண்ணாடி' என்று எழுதித் தனியே கொடுப்போம். நம் தெருவைச் சுத்தம் செய்யும் கைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை அது.