கடோத்கஜன் எலும்பும் சிவாலிக் மலையும்



தாசேக் கெலுகோரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமய வகுப்பு முடிந்து எல்லாரும் மைலோ குடித்துக்கொண்டிருந்தோம். நான்காம் படிவத் தம்பி ஒருவன் கைப்பேசியை நீட்டினான். மண்ணுக்குள் ஒரு மாபெரும் மனித எலும்புக்கூடு. பக்கத்தில் நிற்கும் ஆள் எறும்பு மாதிரி தெரிகிறார்.

"அண்ணா, இது கடோத்கஜனோட எலும்பாம். வட இந்தியாவுல தோண்டி எடுத்தாங்களாம். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவுல போட்டேன், எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

அவன் முகத்தில் கோபமும் இருந்தது, அவமானமும் இருந்தது. அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்த மாதப் பாடம்.

படத்தின் கதை

முதலில் கசப்பான உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் பொய். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹைட் பார்க் என்ற ஊரில், மஸ்டடான் என்னும் அழிந்துபோன யானை இனத்தின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். அந்த இடத்தின் படத்தில், 2002இல் ஒருவர் மனித எலும்புக்கூட்டைக் கணினியில் ஒட்டினார். படங்களை மாற்றி அமைக்கும் இணையப் போட்டி ஒன்றுக்காகச் செய்தது அது. அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பிறகு படம் மட்டும் தனியாகக் கிளம்பி, நாட்டுக்கு ஒரு கதையோடு சுற்றியது. நம்மிடம் வந்தபோது கடோத்கஜன் ஆகிவிட்டது.

"அப்போ வட இந்தியாவுல ஒண்ணுமே கிடைக்கலையா அண்ணா?" என்று கேட்டான். கிடைத்திருக்கிறது தம்பி. அந்தப் படத்தைவிட ஆச்சரியமான விஷயங்கள் கிடைத்திருக்கின்றன.

சிவன் பெயரில் ஒரு மலை

இமயமலையின் தெற்கு ஓரத்தில் தாழ்வான மலைத்தொடர் ஒன்று பாகிஸ்தான், இந்தியா, நேபாளம் வழியாக நீண்டு போகிறது. அதன் பெயர் சிவாலிக். சிவனுக்கு உரியது என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.

நம் பக்கம் வெள்ளம் வடிந்த பிறகு வாசலில் சேறு படிந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். இமயம் உயர உயர, அதிலிருந்து இறங்கிய ஆறுகள் அப்படித்தான் மணலையும் சேற்றையும் கூழாங்கல்லையும் அடிவாரத்தில் கொட்டின. ஒருநாள் இரண்டுநாள் இல்லை, ஒரு கோடி ஆண்டுக்கும் மேலாக. ஆற்றோரம் செத்து விழுந்த விலங்குகளைச் சேறு மூடியது. சதை அழுகிப் போனது. எலும்புக்குள் கனிமம் மெல்ல மெல்ல ஊறி, எலும்பே கல்லானது. இதைத்தான் புதைபடிவம் என்கிறோம். பின்னர் அந்தப் படிவுகளும் மடிந்து மேலே எழும்பி மலையாயின. மழை அரிக்கும் இடத்தில் எலும்புகள் வெளியே எட்டிப் பார்க்கின்றன.

1830களில் சகாரன்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த ஹியூ ஃபால்கனர் என்ற மருத்துவரும், கால்வாய்ப் பொறியாளர் புரோபி காட்லியும் இவற்றைத் திரட்ட ஆரம்பித்தார்கள். 1837இல் லண்டன் நிலவியல் கழகம் இருவருக்கும் வொல்லஸ்டன் பதக்கம் தந்தது.

அவர்கள் கண்டவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, சிவாதீரியம். 'சிவனின் விலங்கு' என்று பொருள். 1836இல் பெயர் வைத்தார்கள். ஒட்டகச்சிவிங்கிக்குச் சொந்தம், ஆனால் கழுத்து குட்டை, உடம்பு எருமை மாதிரி கனம், தலையில் நான்கு கொம்பு.

இரண்டு, ஸ்டெகடான் கணேசா. பிள்ளையார் பெயர் கொண்ட பழைய யானை இனம். தந்தம் 3 மீட்டருக்கும் மேல் நீளம்.

மூன்று, ஒரு ராட்சத நில ஆமை. ஓடு மட்டும் ஏறக்குறைய 2 மீட்டர். நம் கூர்மாவதாரக் கதைக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று ஃபால்கனரே யோசித்தார். அது யோசனைதான், நிரூபணம் இல்லை. சாமி பெயர்களை விலங்குகளுக்குச் சூட்டியவர்கள் ஆய்வாளர்கள். பெயர் இருப்பதாலேயே அது புராணத்துக்குச் சான்று ஆகிவிடாது.

ராமன் பெயர் கொண்ட தாடை

இப்போதுதான் பாடத்தின் முக்கியமான இடம். 1932இல் ஜி. எட்வர்ட் லூயிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இன்றைய இமாசலப் பிரதேசத்தில் உள்ள ஹரிதல்யாங்கரில் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். 1934இல் அதற்கு ராமாபிதேகஸ், அதாவது 'ராமனின் குரங்கு', என்று பெயர் வைத்தார். 1960களில் எல்வின் சைமன்ஸ், டேவிட் பில்பீம் என்ற அறிஞர்கள், மனித இனத்தின் மிகப் பழைய மூதாதை இதுதான் என்று வாதிட்டார்கள். பாடப்புத்தகங்களிலும் அது ஏறியது. இந்தியர்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

ஆனால் கையில் இருந்தவை தாடைத் துண்டுகளும் பற்களும்தான். பிறகு பாகிஸ்தானின் பொத்வார் மேட்டுநிலத்தில், அதே சிவாலிக் பாறையில், பில்பீமின் குழுவுக்கு சிவாபிதேகஸ் என்ற வாலில்லாக் குரங்கின் முகப்பகுதி ஏறக்குறைய முழுதாகவே கிடைத்தது. 1982இல் அதை வெளியிட்டார்கள். அந்த முகம் மனிதனைப் போல இல்லை. ஓராங் ஊத்தான் போல இருந்தது! ராமாபிதேகஸ் என்று அழைத்ததும் சிவாபிதேகஸ்தான் என்பது தெளிவானது. மனித மூதாதை என்ற பட்டம் போனது.

கவனியுங்கள், அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரே பில்பீம். சான்று வந்ததும் அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அதனால் அவர் மதிப்பு குறையவில்லை. தம்பி, நீ செய்ய வேண்டியதும் இதுதான். "நான் போட்ட படம் தப்பு, உண்மை இது" என்று அதே குழுவில் எழுது. மகாபாரதம் நமக்குத் தர்மத்தைச் சொல்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஒட்டுப்படம் தேவையில்லை.

நம் நாட்டிலேயே ஒரு சொந்தம்

சிவாபிதேகஸ் ஏறக்குறைய 8.5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு மறைந்தது. வானிலை மாறி, காடு சுருங்கி, புல்வெளி பரவியது. பழம் தின்று மரத்தில் வாழ்ந்த உயிருக்கு இடமில்லாமல் போனது.

அதன் உறவான ஓராங் ஊத்தான் இன்று காட்டில் வாழ்வது போர்னியோ, சுமத்ரா தீவுகளில் மட்டுமே. நம் சபா, சரவாக் காடுகளும் அதில் அடக்கம். புக்கிட் மேராவுக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்கள் அங்குள்ள தீவில் அதைப் பார்த்திருப்பீர்கள். இருக்கும் மூன்று இனங்களும் மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் இருக்கின்றன. இதற்கும் காடு சுருங்குவது முக்கியக் காரணம். ஆனால் இம்முறை சுருக்குவது வானிலை மட்டும் இல்லை, நாம்தான்.

தம்பி அடுத்த வாரம் வந்தான். "எழுதிட்டேன் அண்ணா. ரெண்டு பேரு இன்னும் சிரிச்சாங்க. ஆனா ஒருத்தன் சிவாதீரியம் படம் கேட்டான்" என்றான். நல்லது, அதையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பு என்றேன்.

வகுப்பில் பேசுவோம்

1. சமயத்தைப் பற்றி உங்களுக்கு வந்த ஒரு படத்தையோ செய்தியையோ எப்படிச் சரிபார்ப்பீர்கள்?
2. தன் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வது ஏன் கடினமாக இருக்கிறது?
3. ராமனுக்கு உதவியது வானர சேனை. இன்று காட்டில் வாழும் ஓராங் ஊத்தானுக்கு நம் இளைஞர்கள் என்ன செய்யலாம்?