வேதம் வாசிக்கும் வீட்டுக்கு

கொடகவெல பக்கத் தோட்டங்களில் விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஓட வேண்டும். ஆகவே இரவில், லயத்தில் எல்லோருக்கும் கேட்க ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும்.

மத்தேயு 20-இல் தொடங்குங்கள். கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் திராட்சைத் தோட்டக்காரர் முழுநாள் கூலி கொடுக்கிறார். எத்தனை பெரிய மனம்! கிலோ குறைந்து அரைப்பேர் (அரைநாள் கூலி) விழப்போகும் பக்கத்து நிரைக்காரிக்கு, நிறுவைக்கு முன்பே நாலு பிடி கொழுந்து அள்ளிப் போடுங்கள்.

கொழுந்து நிறுப்பவருக்கு லேவியராகமம் 19:35-36. சரியான தராசைப் பற்றியது. வீட்டு வேலைக்கு ஆள் பிடிப்பவர்கள் அதே அதிகாரத்தின் 13ஆம் வசனத்தையும் பார்த்து, கூலியை அன்று மாலையே கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பீலியில் சண்டையா? மத்தேயு 5:23-24. ஞாயிறு ஆராதனைக்குப் போகுமுன் அந்த வீட்டு வாசலுக்குப் போய்ப் பேசுங்கள்.