ஃபைபர் பாடிக்கு டூக்கோ அடிக்கும் முன்

பெங்களூரில் 1980களில் தயாரான சிபானி டால்ஃபின் காரை இப்போது சாலையில் பார்ப்பது அபூர்வம். பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டனைத் தழுவிய சின்ன வண்டி. 848 சிசி என்ஜின், பாடி முழுக்க ஃபைபர். அப்படி ஒன்று உங்கள் ஷெட்டில் கிடந்தால் பாடி துருப்பிடித்திருக்காது, பெயிண்ட்தான் போயிருக்கும். அதற்குப் பழைய முறையிலேயே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், அதாவது நம் பெயிண்டர்கள் டூக்கோ என்று சொல்வதை, அடிக்கலாமா? தாராளமாக அடிக்கலாம். டூபான்ட் கம்பெனியின் டூக்கோ 1923இல் ஓக்லண்ட் கார்களில் ஏறியது. 1953இல் வந்த முதல் 300 கார்வெட் கார்களும் ஃபைபர் பாடிதான். அவற்றுக்கு அடித்ததும் வெள்ளை என்.சி. லாக்கர்தான்.

ஆனால் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் ஃபைபர் டாப்புக்கு இது வேண்டாம். தினமும் மழையும் வெயிலும் கிளைக் கீறலும் படுகிற வண்டிக்கு ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் தாங்கும். நிழலில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை துடைத்துப் பார்க்கிற வண்டிக்குத்தான் என்.சி.யின் அந்த ஆழமான மினுமினுப்பு.

வேலையை எப்போது தொடங்குவது என்பது நம் கம்பம் பள்ளத்தாக்கில் பெரிய கேள்வி. ஆனியிலும் ஆடியிலும் மலை இடைவெளி வழியே இறங்கும் காற்று திறந்த ஷெட்டில் மண்ணை அள்ளிக் கொட்டும். தேனி, ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகளை நட்டதே அந்தக் காற்றை நம்பித்தான். (அந்த இறக்கைகளும் ஃபைபர்தான்.) ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஈரக்காற்றில் என்.சி. அடித்தால் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் அதில் படிந்து, பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். மாசி, பங்குனிதான் தோது. அப்போதும் காலைப் பனி விலகிய பிறகு தொடங்கி, மதியக் காற்று கிளம்புமுன் ஸ்ப்ரே கன்னைக் கழுவி வைத்துவிட வேண்டும்.

முதல் வேலை கழுவல். பழைய வண்டியில் வருடக்கணக்கான பாலிஷும் சிலிக்கானும் ஊறியிருக்கும். புதிதாக வார்த்த பேனலில் அச்சிலிருந்து கழற்றுவதற்குத் தடவிய மெழுகு ஒட்டியிருக்கும். தேய்த்தபின் கழுவலாம் என்று விட்டால் அந்த மெழுகையே உப்புத்தாள் உள்ளே ஏற்றிவிடும். சோப்புத் தண்ணீர், அப்புறம் மெழுகு நீக்கும் திரவம், அதன் பிறகுதான் தாள்.

பழைய பெயிண்டை உரிக்க ரிமூவர் ஊற்றாதீர்கள். தகரத்தில் ஓடும் வித்தை இங்கே ரெசினையும் சேர்த்துத் தின்னும். 180, 220 தாளில் கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மேலே இருக்கும் ஜெல்கோட் வரை போய் நின்றுவிடுங்கள். கண்ணாடி இழை தெரிய ஆரம்பித்தால் ஆழம் போய்விட்டது என்று அர்த்தம். முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி போடாமல் இதைத் தொடாதீர்கள். ஃபைபர் தூள் அரிப்பு அன்றிரவு தூங்கவிடாது.

இனிதான் பொறுமை வேண்டிய இடம். கதவுக் கீல், விளக்குக் குழி, போல்ட் இறங்கும் இடங்களைச் சுற்றி சிலந்தி வலைபோல் முடிக்கோடுகள் தெரியும். அவற்றின் மேலே பட்டி பூசி மறைத்தால் சில மாதத்தில் அதே கோடு மேலே வந்து நிற்கும். கோட்டை ‘வி’ வடிவில் வெட்டித் திறந்து பாருங்கள். விரிசல் ஜெல்கோட்டோடு நின்றிருந்தால் பாலியெஸ்டர் பட்டி போதும். இழைக்குள் இறங்கியிருந்தால் பின்பக்கத்திலிருந்து கண்ணாடி இழை மேட் வைத்து ரெசின் ஏற்ற வேண்டும். ரெசினை வேகமாக இறுகவைக்கும் கோபால்ட்டை முதலில் அதில் கலக்கி முடித்து, அதற்குப் பிறகுதான் ஹார்டனர். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று ஊற்றினால் வெடிக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே தட்டில்கூட வைக்க வேண்டாம். போட்ட ரெசினில் ஸ்டைரீன் வாடை அடிக்கிறவரை அதன்மேல் எதுவும் அடிக்காதீர்கள்.

அடுத்து பிரைமர். என்.சி. தின்னர் காரமானது, நேராக அடித்தால் பட்டியின் ஓரத்தை ஊறவைத்து வட்டம் போட்டுக் காட்டும். அதனால் நடுவில் தடுப்பாக இரண்டு பாகம் கலந்த எபாக்ஸி பிரைமர். “எல்லாமே என்.சி.யாக இருந்தால்தான் ஒரிஜினல்” என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். கீழே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை, தடுப்பு போடுங்கள். பிரைமர் நன்கு காய்ந்ததும் கறுப்புப் பெயிண்டை மிகவும் நீர்க்கக் கலந்து தூறல்போல் அடித்து, கட்டையில் 400 வாட்டர் பேப்பர் சுற்றித் தேயுங்கள். கறுப்பு மிஞ்சும் இடமெல்லாம் பள்ளம். ஃபைபரைத் துணியால் வறட்டுத் துடைப்பு துடைத்தால் நிலைமின் ஏறித் தூசியை இழுக்கும்; லேசான ஈரத்துணியே நல்லது.

லாக்கர் அடிப்பது இவ்வளவுக்குப் பிறகு சுலபம். பெயிண்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒரு பங்கிலிருந்து ஒன்றரைப் பங்கு. கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டு, குழாயில் வாட்டர் டிராப் மாட்டுங்கள். கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முந்தைய வீச்சின் பாதியை மூடியபடி ஓட்டுங்கள். கோட்டுக்கு இடையே கால்மணி நேரம். மெல்லிய கோட்டாக ஆறு போதும். ஃபைபர் வளையும், என்.சி. வளையாது, தடிமனாக ஏற்றினால் வெடிப்புதான். வெள்ளை பூத்தால் பதறாமல் ரிட்டார்டர் கலந்த தின்னரை மேலே ஒரு தூவல் அடித்தால் பெரும்பாலும் தெளியும். சுற்று வட்டாரத்தில் பீடியோ வெல்டிங்கோ கூடாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பல்ல. கரைப்பான் ஆவிக்கான கேட்ரிஜ் மாஸ்க் வேண்டும்.

காயவைக்கிறேன் என்று பேனலுக்குப் பக்கத்தில் ஹீட்டர் வைக்க வேண்டாம். ரெசின் இளகி இழையின் அச்சு மேலே தெரியும். இரண்டு வாரம் நிழலில் விட்டு, 1000, 1500, 2000 என்று தண்ணீரோடு தேய்த்து, காம்பவுண்ட் போடுங்கள். தேய்க்கும் முன் விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அங்கேதான் பெயிண்ட் முதலில் தேய்ந்து பிரைமர் தெரியும்.

நிறத்தை மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே கழுவுங்கள். மிஞ்சிய பெயிண்டை இறுக மூடி, நிறத்தின் எண்ணை டப்பாவில் எழுதி வையுங்கள்: என்.சி.யில் புதுக் கோட் பழையதைக் கரைத்து ஒன்றாகிவிடும் என்பதால், நாளைக்குக் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் அடித்துத் தேய்த்தாலே போதும்.