பரப்பளவு படிப்போம்: காணி வாங்குமுன் ஒரு கணக்கு



'பரப்பளவு' பாடம் வந்ததும், "இது எங்களுக்கு எதுக்கு?" என்று பிள்ளைகள் கேட்பது வழக்கம். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே காணியை விற்பதும் வாங்குவதும் 'பரப்பு' என்ற அளவில்தான். நம் தோட்டத்து ஆட்கள் பலருக்கு வடக்கில் சொந்தபந்தம் உண்டு. எனவே இம்முறை யாழ்ப்பாணக் காணி ஒன்றை வைத்தே படிப்போம்.

முதலில் அளவுகள்:

16½ அடி நீளம், 16½ அடி அகலம் = 1 பேர்ச்சஸ் (272¼ சதுர அடி)
10 பேர்ச்சஸ் = 1 பரப்பு (2,722½ சதுர அடி)
1 பரப்பு = 18 குழி (ஒரு குழி 151¼ சதுர அடி)
16 பரப்பு = 1 ஏக்கர்

கொடிகாமம் பக்கத்தில் ஒரு துண்டு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளப் பக்கம் இரண்டும் 55 அடி. மற்றப் பக்கம் இரண்டும் 49½ அடி. பெருக்கினால் 2,722½. "சரியா ஒரு பரப்பு!" என்று காசைக் கொடுத்து விடலாமா?

பொறுங்கள். நான்கு மூலையும் சதுரமாக, அதாவது செங்கோணமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. கதியால் வேலி சரிந்து போயிருந்தால் அது செவ்வகம் அல்ல, இணைகரம். அதற்கு நீளத்தைச் சரிந்த பக்கத்தால் பெருக்கக் கூடாது. செங்குத்துயரத்தால் பெருக்க வேண்டும். ஒரு 55 அடி வேலியிலிருந்து எதிர் வேலிக்கு நேர்க்குத்தாக அளந்தபோது 44 அடிதான் வந்தது என்றால்:

55 × 44 = 2,420 சதுர அடி = 16 குழி

வேலியின் நீளம் அதேதான். ஆனால் காணியில் 2 குழி, அதாவது 302½ சதுர அடி குறைவு. இல்லாத நிலத்துக்குக் காசு கட்டுவதா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு கயிறு போதும். மூலைக்கு மூலை குறுக்காக இழுத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம். நாம் சொன்ன காணி செவ்வகமாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய 74 அடி வரும். சரிந்த காணியில் ஒன்று 89 அடி, மற்றது 54½ அடி அளவில் வரும்.

நாலு பக்கமும் நாலு விதமாக இருந்தால் என்ன செய்வது? ஒரு மூலைவிட்டத்தால் காணியை இரண்டு முக்கோணமாகப் பிரியுங்கள். மற்ற இரு மூலைகளிலிருந்தும் அந்தக் கோட்டுக்குச் செங்குத்துயரம் அளவுங்கள். முக்கோணத்தின் பரப்பளவு = ½ × அடிப்பக்கம் × உயரம். இரண்டையும் கூட்டினால் விடை. செங்கோணம் பிடிக்க, கயிற்றில் 3 அடி, 4 அடி, 5 அடி வரும்படி முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால், 3-உம் 4-உம் சந்திக்கும் மூலை செங்கோணம்.

முடிவான அளவை நில அளவையாளர்தான் தர வேண்டும். ஆனால் கணக்குத் தெரிந்தவர்தான் அவரிடம் சரியான கேள்வி கேட்க முடியும். உறுதியில் கையெழுத்து வைக்குமுன் வீட்டில் படிக்கிற பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: செவ்வகக் காணி ஒன்று 49½ அடி நீளம், 38½ அடி அகலம். எத்தனை பேர்ச்சஸ்?

விடை: 7 பேர்ச்சஸ். 2015க்குப் பின் மலையகத்தில் தனிவீட்டுக்கென்று ஒதுக்கப்பட்டதும் அதே 7 பேர்ச்சஸ்தான். உங்கள் வீட்டுக் காணியையும் ஒரு முறை அளந்து பாருங்கள்!