பிள்ளையின் கேள்வியை அணைத்துவிடாதீர்கள்: வீட்டிலேயே மூன்று ஒளிப் பாடங்கள்

 

“உம்மா, வானம் ஏன் நீலமா இருக்கு?” சிறு பிள்ளைகள் கேட்கிற கேள்விதான். அடுப்படி வேலையில் இருக்கும் நாம், “சும்மா இரு வாப்பா” என்று சொல்லிவிடுகிறோம். நான்கு முறை அப்படிச் சொன்னால், ஐந்தாம் முறை பிள்ளை கேட்பதில்லை. “நான் எட்டாவதோடு நின்றவள், எனக்கு விஞ்ஞானம் எங்கே தெரியும்?” என்று தயங்கும் தாய்மார்களும் உண்டு. பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையோடு உட்கார்ந்து சோதித்துப் பார்த்தால் போதும்.

இது நமக்குப் புதிதல்ல. கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்தவர் இப்னு அல்ஹைதம். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று யூக்ளிட், தாலமி போன்ற பெரிய கிரேக்க அறிஞர்கள் எழுதியிருந்தார்கள். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக அவர் அதை ஏற்கவில்லை. சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, அப்படியானால் ஒளி வெளியிலிருந்துதானே கண்ணுக்குள் வருகிறது என்று சிந்தித்தார். இருட்டறையில் விளக்குகளை வைத்துச் சோதித்தார். அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சானது.

கீழே உள்ள மூன்று சோதனைகளுக்கும் ஒரே விதி. செய்வதற்கு முன், “என்ன நடக்கும்னு நினைக்கிறே?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிறகு செய்யுங்கள். விளக்கம் கடைசியில்தான். பிள்ளையின் ஊகம் தவறானால் சிரிக்காதீர்கள்.

1. மூன்று விளக்கு, ஒரு துளை

தேவையானவை: டார்ச் அல்லது செல்போன் மூன்று, பெரிய அட்டை ஒன்று.

அட்டையின் நடுவில் பென்சில் நுழையும் அளவு துளையிடுங்கள். இரவில் அறையை இருட்டாக்கி, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அட்டையை நிமிர்த்திப் பிடியுங்கள். அட்டைக்கு இரண்டடி பின்னால், நான்கு விரல் இடைவெளியில் மூன்று டார்ச்சுகளையும் வரிசையாக வையுங்கள். அட்டையின் நிழலுக்குள் மூன்று ஒளிப்பொட்டுகள் தெரியும். இப்போது இடப்பக்க டார்ச்சை மட்டும் கையால் மறைத்தால், எந்தப் பொட்டு மறையும்?

பல பிள்ளைகள் இடப்பக்கம் என்பார்கள். மறைவது வலப்பக்கப் பொட்டு! ஒளி நேர்கோட்டில் செல்வதால், துளையைக் கடக்கும்போது இடது வலதாகிறது. மூன்று ஒளிகளும் ஒரே துளையில் நுழைந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இப்னு அல்ஹைதம் விளக்குகளை வைத்துச் செய்த சோதனையும் இதுவே.

2. தாம்பாளத்தில் வானவில்

தேவையானவை: ஆழமான தட்டு, தண்ணீர், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி.

காலையிலோ அஸருக்குப் பிறகோ வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் தட்டை வையுங்கள். கண்ணாடியைப் பாதி தண்ணீரில் மூழ்கும்படி சாய்த்து, மெதுவாகத் திருப்புங்கள். சுவரிலோ கூரையிலோ சிவப்பு முதல் ஊதா வரை நிறங்கள் விழும்.

வெயில் வெள்ளையாகத் தெரிந்தாலும் எல்லா நிறங்களும் அதற்குள் இருக்கின்றன. தண்ணீருக்குள் போய் வரும்போது ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவு வளைவதால் அவை பிரிகின்றன. மழைத்துளியிலும் இதுதான் நடக்கிறது. இப்னு அல்ஹைதமின் நூலுக்கு விரிவுரை எழுதிய பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி, மழைத்துளிக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை வைத்துச் சோதித்து, வானவில்லை விளக்கினார்.

எச்சரிக்கை: சூரியனையோ, கண்ணாடியில் தெரியும் சூரியனையோ பிள்ளைகள் பார்க்கவே கூடாது. கண்ணாடியைப் பெரியவர்களே பிடிக்க வேண்டும்.

3. டம்ளருக்குள் மஃக்ரிப் வானம்

தேவையானவை: பெரிய கண்ணாடி டம்ளர், தண்ணீர், சில சொட்டுப் பால், டார்ச், வெள்ளைத்தாள்.

இருட்டறையில் டம்ளரின் ஒருபுறம் டார்ச்சையும், மறுபுறம் வெள்ளைத்தாளையும் வையுங்கள். பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீரில் இலேசான நீலம் தெரியும். தாளில் விழும் ஒளியோ மஞ்சளாகி, பால் கூடக் கூட ஆரஞ்சு நிறத்துக்கு மாறும்.

பாலிலுள்ள நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. வானத்தில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. பகலில் வானம் நீலமாகத் தெரிவது அதனால்தான். மாலையில் வெயில் காற்றில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிவிட, சிவப்பு மட்டும் மிஞ்சி நம்மிடம் வருகிறது. மஃக்ரிப் தொழுதுவிட்டு மேற்கே நாம் பார்க்கும் ஷஃபக் என்னும் அந்திச் செம்மை அதுதான். உங்கள் பிள்ளை முதலில் கேட்டாளே, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீங்கள் சொல்லவில்லை, அவளே பார்த்தாள்.

வாரம் ஒரு சோதனை போதும். பார்த்ததைப் பிள்ளை ஒரு நோட்டில் வரைந்து வைக்கட்டும். சரியாக வராவிட்டால், ஏன் வரவில்லை என்று சேர்ந்து தேடுங்கள், அதுவும் பாடம்தான்.

கனிகளின் நிறங்களையும் மலைகளின் நிறங்களையும் சிந்திக்கச் சொல்லும் திருக்குர்ஆன் (35:27, 28), அதை அடுத்தே அறிவுடையோரின் இறையச்சத்தைப் பேசுகிறது. நிறத்தைக் கண்டு வியக்கும் பிள்ளை, அதைப் படைத்தவனைப் பற்றியும் ஒரு நாள் கேட்பாள். அன்றும், “சும்மா இரு” என்று சொல்லிவிடாதீர்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.