ரூபி மொழியில் உள்ளகமும் நூலகமும்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்)

குருவிகுளத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் கடுகும் சீரகமும் அஞ்சறைப் பெட்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பெரிய அண்டாவோ பரணில் இருக்கும். அதைத் தினமும் இறக்கி வைப்பாரில்லை. விருந்தன்று இறக்க மறந்தாலோ உலை ஏறாது. நிரல் எழுதுவோரும் அறிய வேண்டிய வேறுபாடு இது. ரூபி மொழியைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ 1993-இல் உருவாக்கத் தொடங்கி, 1995-இல் வெளியிட்ட மொழி ரூபி. சென்னையில் 2010-இல் தோன்றிய ஃப்ரெஷ்டெஸ்க் மென்பொருள், ரூபியின் மேல் அமைந்த ரெயில்ஸ் சட்டகத்தைக் கொண்டே எழுதப்பட்டது. எனவே இது நமக்கு அயலான மொழி அன்று.

ரூபியில் ஸ்டிரிங், அர்ரே, ஹேஷ், டைம் ஆகிய இனக்குழுக்கள் உள்ளகத்தைச் சேர்ந்தவை. இவற்றை நாம் அழைக்க வேண்டியதில்லை. டேட், ஜேசன் போன்றவை நூலகத்தில் உள்ளவை. 'ரிக்வயர்' என்னும் கட்டளையால் இவற்றை ஏற்றிய பின்பே பயன்படுத்தலாம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். கரிசல் நிலத்தில் 2024 அக்டோபர் 20 அன்று விதைத்த சோளத்தை 2025 ஜனவரி 28 அன்று அறுத்தால், இடைப்பட்ட நாள்கள் எத்தனை? உள்ளகத்தின் டைம் இனக்குழு 86,40,000 வினாடிகள் என்னும். அதை 86,400-ஆல் வகுக்க 100 நாள் கிடைக்கும். நூலகம் தேவைப்படவில்லை. ஆயின் இதே கணக்கை இலண்டன் நேரத்தில் செய்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக வரும். அங்கே அக்டோபர் இறுதியில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புவதே காரணம். டேட் இனக்குழு நாள்களையே எண்ணுவதால் எங்கும் 100 என்றே கூறும். ஆகவே, உள்ளகம் போதாத இடத்தில்தான் நூலகத்தை நாட வேண்டும்.

இனி, மாணவர் இடறும் இரண்டு இடங்கள். ரெயில்ஸ் தனக்கு வேண்டிய டேட் முதலியவற்றைத் தானே ஏற்றிக்கொள்ளும். அங்கே ஓடிய நிரல், தனியே இயக்கினால் பிழை காட்டி நிற்கும். பிறர் இறக்கி வைத்த அண்டாவில் நாம் சமைத்ததே தவறு. எந்தக் கோப்பு பயன்படுத்துகிறதோ, அதன் தலைப்பிலேயே ரிக்வயர் எழுதுதல் முறை. இருமுறை எழுதிவிட்டோமே என்ற அச்சமும் வேண்டாம். ஏற்கனவே ஏற்றியதை ரூபி மீண்டும் ஏற்றாது.

மற்றொன்று, டைம் உள்ளகத்தது ஆயினும், எழுத்தில் உள்ள நேரத்தைப் படித்தறியும் அதன் 'பார்ஸ்' செயல் நூலகத்தது. அதற்கு 'டைம்' கோப்பை ஏற்றியே ஆக வேண்டும். பெயர் ஒன்றாயினும் இருப்பிடம் இரண்டு!

எல்லைக் கோடும் நிலையானதன்று. முன்பு ஏற்ற வேண்டியிருந்த செட், 2022-இல் வந்த 3.2 பதிப்பு முதல் கேட்டவுடன் தானே வருகிறது. 2024-இல் வந்த 3.4 பதிப்பிலோ சிஎஸ்வி தனித் தொகுப்பாகப் பிரிந்தது. பண்ட்லர் கொண்டு இயக்குவோர் அதனை ஜெம்ஃபைலில் குறிக்க வேண்டும். பழைய நூலை மட்டும் நம்பாமல், பதிப்பு எண்ணையும் பார்த்தல் நலம்.

'என் கணினியில் ஓடியதே!' என்பது தேர்விலும் பணியிலும் விடையாகாது. நம் நிரலுக்கு வேண்டியதை நாமே கேட்டுப் பெறப் பழகுவோமாக!