வலைத்தளத்தின் தாமதம்: காரணமும் பரிகாரமும்

படிப்பின் நிமித்தம் தமிழகத்தை விட்டு வடபுலத்துப் பல்கலைக் கழகங்களுக்கு வந்திருக்கும் நம்மில் பலர் இன்று சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறோம். ஆய்வுக் குறிப்பும், கட்டுரையும், புகைப்படமும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டவேண்டிய தகுதி விவரமும் அதில் இடம் பெறுகின்றன. அதைத் திறந்து பார்ப்பவர் யார்? ஒருபுறம், நூறு விண்ணப்பங்களுக்கிடையே நம் பெயரையும் தட்டிப் பார்க்கும் ஓர் அதிகாரி. மறுபுறம், பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் கைப்பேசியைக் கையில் எடுக்கும் பெற்றோர். முன்னவருக்குப் பொறுமை குறைவு. பின்னவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கிய டேட்டா குறைவு. தளம் திறக்கத் தாமதித்தால் இருவரையும் இழக்கிறோம்.

ஒரு வினாடிக்குள் மறுமொழி வந்தால் மனிதனின் சிந்தனை தடைப்படுவதில்லை. பத்து வினாடியைக் கடந்தால் கவனம் வேறிடம் சென்றுவிடுகிறது என்று ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 1993இல் எடுத்துக் காட்டினார். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 வினாடிக்குள் தோன்றவேண்டும் என்பது கூகிள் நிறுவனம் வகுத்துள்ள அளவு. இவ்வளவுகளை மனத்திற் கொண்டு, தாமதத்தின் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. முதலில் அளத்தல்

நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பது வைத்தியமாகாது. தளம் தாமதிக்கிறது என்றதும் சிலர் அதிக வாடகைக்கு வேறு சர்வர் தேடுகின்றனர். அது பெரும்பாலும் வீண் செலவு. முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

கணினியில் பிரவுசரைத் திறந்து எஃப் 12 விசையை அழுத்தினால் நெட்வொர்க் என்னும் பகுதி கிடைக்கும். அங்கே ‘டிசேபிள் கேஷ்’ என்பதைக் குறியிட்டுவிட்டுப் பக்கத்தை மீண்டும் ஏற்றுக. இக்குறி எதற்கு? நம் தளத்தை நாமே பலமுறை பார்த்திருப்போமாதலால் அதன் கோப்புகள் நம் கணினியிலேயே தங்கியிருக்கும். ஆகவே நமக்கு அது விரைவாகவே தோன்றும்; புதிதாக வருபவருக்கு அவ்வாறு தோன்றாது. விடுதியின் வேகமான இணைப்பும் நம்மை ஏமாற்றும். அதே பகுதியில் இணைப்பின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கவும் வசதி உண்டு. அதனையும் பயன்படுத்துக.

அளந்த பின் மூன்று எண்களைக் குறித்துக் கொள்க: முதல் பைட் வந்து சேர எடுத்த நேரம், கோப்புகளின் மொத்த எடை, கோப்புகளின் எண்ணிக்கை. முதல் எண் பெரிதானால் குற்றம் தொலைவிலோ சர்வரிலோ இருக்கிறது. இரண்டாவது பெரிதானால் படங்களை நோக்குக. மூன்றாவது பெரிதானால் தேவையற்ற நிரல்களை நோக்குக.

2. தொலைவு

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. தில்லியிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள சர்வருக்கு நேர்வழித் தொலைவு சுமார் 12,000 கிலோமீட்டர். போய்வர 24,000 கிலோமீட்டர், அதற்கு 0.12 வினாடி வேண்டும். இது மிகச் சிறிய நேரந்தானே என்று கேட்கலாம். ஆனால் ஒருமுறை போய் வந்தால் போதாது. இணைப்பை ஏற்படுத்த ஒருமுறை, மறைகுறியீட்டுக்கு உடன்பாடு செய்ய ஒருமுறை, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒருமுறை என்று பொதுவாக மூன்று முறை வேண்டும். 2018இல் வெளியான டி.எல்.எஸ். 1.3 முறைக்கே இக்கணக்கு. அதற்கு முந்திய முறையில் இன்னும் ஒருமுறை கூடும். ஆக, முதல் பைட் வருமுன்னரே 0.36 வினாடி கழிந்துவிடுகிறது. கடலடிக் கம்பிகள் நேர்வழியில் செல்வதில்லையாதலின் உண்மையில் இதனினும் அதிகமே ஆகும்.

மும்பையிலுள்ள சர்வராயின் போய்வர நேர்வழிக் கணக்கில் 0.012 வினாடி போதும். ஆதலின் வாசகர் எந்நாட்டில் உள்ளனரோ அந்நாட்டிலேயே சர்வரை அமர்த்துவது நன்று. அல்லது பல நகரங்களில் படிகளை வைத்து அருகிலிருந்து வழங்கும் சி.டி.என். சேவையை நாடலாம். சிறிய தளங்களுக்கு இலவசமாகவே இதனை அளிப்போர் உளர்.

3. சர்வர்

குற்றம் தொலைவிலா, சர்வர் பக்கத்தை ஆக்கும் முறையிலா என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே ஒரு வரி எழுதிய கோப்பினைச் சர்வரில் வைத்து, அதனைத் திறந்து பார்க்க வேண்டும். அதுவும் தாமதித்தால் தொலைவோ சர்வரோ காரணம். அது விரைந்து வந்து, முகப்புப் பக்கம் மட்டும் தாமதித்தால், பக்கத்தை ஆக்கும் நிரலே காரணம்.

வேர்ட்பிரஸ் போன்ற முறைகளில், யாரேனும் கேட்கும்போதெல்லாம் தரவுத்தளத்திலிருந்து செய்திகளை எடுத்துப் பக்கம் புதிதாக ஆக்கப்படுகிறது. மாதத்துக்கு ஒருமுறை மாறும் பக்கத்தை நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்குவானேன்? ஒருமுறை ஆக்கிய பக்கத்தைச் சேமித்து வழங்கும் கேஷ் பிளக்இன் ஒன்றைச் சேர்த்தாலே பெரும் மாறுதல் தெரியும். தனிமனிதர் தளத்துக்கு, முன்கூட்டியே ஆக்கிவைத்த நிலையான பக்கங்களே பெரும்பாலும் போதுமானவை.

4. படங்கள்

மிகப் பல தளங்களில் நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது என்க. மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். பக்கத்தில் அது 800க்கு 600 என்ற அளவில் தோன்றினால் தேவைப்படுவன 4,80,000 புள்ளிகளே. அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. கூர்மையான திரைகளுக்காக அகலத்தையும் உயரத்தையும் இருமடங்காக வைத்தாலும் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது.

பக்கத்தில் அகலம் 800 என்று எழுதிவிட்டால் படம் சிறுத்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். கண்ணுக்குத்தான் சிறுக்கும், கோப்பு முழுவதும் வந்தே தீரும். ஏற்றுவதற்கு முன்பே படத்தைச் சுருக்குதல் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 4 மெகாபைட் எடையுள்ள பத்துப் படங்கள் 40 மெகாபைட். அதாவது 320 மெகாபிட். வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 32 வினாடி ஆகும். ஒவ்வொன்றையும் 150 கிலோபைட்டாகச் சுருக்கினால் மொத்தம் 12 மெகாபிட், 1.2 வினாடியில் வந்துவிடும். கூகிள் 2010இல் அறிமுகம் செய்த வெப்பி வடிவத்தைப் பயன்படுத்தினால் எடை மேலும் குறையும். கீழே உள்ள படங்களுக்கு ‘லேஸி’ என்னும் குறிப்பைத் தந்தால், வாசகர் அவ்விடத்தை அணுகும்போதே அவை வரும். மேலே முதலில் தோன்றும் படத்துக்கு மட்டும் அக்குறிப்பு வேண்டா. அது தாமதத்தையே வளர்க்கும்.

5. தமிழ் எழுத்து

யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யு.டி.எஃப். 8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை. ‘தமிழ்’ என்னும் சொல்லில் ஐந்து குறிகள். ஆகவே 15 பைட். இதனால் தமிழில் எழுதினால் தளம் தாமதிக்கும் என்று அஞ்ச வேண்டுமா? வேண்டியதில்லை. ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரை ஏறத்தாழ 30 கிலோபைட்டே. மேலே சொன்ன 4 மெகாபைட் படம் ஒன்றின் எடையில் இத்தகைய கட்டுரைகள் நூற்றுக்கு மேல் அடங்கும். சர்வரில் ஜிஸிப் அல்லது பிராட்லி சுருக்கத்தை இயக்கிவிட்டால் அதுவும் மிகக் குறையும்.

சுமை எழுத்தில் இல்லை, எழுத்துருவில் இருக்கலாம். அழகுக்காக மூன்று நான்கு எழுத்துருக்களை இறக்குமதி செய்தால், அவை வரும்வரை பெரும்பாலான பிரவுசர்கள் மூன்று வினாடி வரை சொற்களை மறைத்தே வைக்கின்றன. ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்’ என்னும் கட்டளையைச் சேர்த்தால் கணினியிலுள்ள எழுத்துருவில் சொற்கள் உடனே தோன்றும். எழுத்துருக் கோப்பு வாஃப் 2 வடிவில் இருத்தல் நன்று. விண்டோஸில் நிர்மலாவும் ஆண்ட்ராய்டில் நோட்டோவும் முன்னரே இருக்கின்றன. அவையே போதுமென்றால் இச்செலவே இல்லை.

6. பிறரிடமிருந்து வரும் நிரல்கள்

பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் கருவி, பகிர்வுப் பொத்தான்கள், நிலப்படம், வீடியோ ஆகியவை ஒவ்வொன்றும் வேறொரு சர்வரை நாடுகின்றன. வேறு சர்வர் என்றால் மேலே கண்ட போக்குவரத்து முழுவதும் மீண்டும் நடைபெற வேண்டும். ஒவ்வொன்றாக நீக்கி அளந்து பார்த்து, தேவையானதை மட்டும் வைத்துக்கொள்க. வைத்துக்கொண்டவற்றுக்கு ‘டிஃபர்’ குறிப்பைச் சேர்த்தால் அவை பக்கத்தைத் தடுத்து நிறுத்தா.

முடிவாக ஒரு விதி. ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றி, அளந்து, குறிப்பேட்டில் எழுதிய பின்னரே அடுத்ததற்குச் செல்க. இல்லையேல் எம்மருந்து நோயைத் தீர்த்தது என்பது விளங்காது. நோய் மீண்டும் வந்தால் கையைப் பிசைய நேரும்.

பயிற்சி

அ. உங்கள் தளத்தின் மூன்று எண்களையும் குறித்து, எது மிகப் பெரிய குற்றம் என்று காரணத்துடன் எழுதுக.

ஆ. 6 மெகாபைட் எடையுள்ள எட்டுப் படங்கள், வினாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? (விடை: 96 வினாடி.)

இ. ஊரிலுள்ள ஒருவரிடம் கைப்பேசியில் உங்கள் தளத்தைத் திறக்கச் சொல்லி, எத்தனை வினாடியில் படிக்க முடிந்தது என்று கேட்டறிக. எந்தக் கருவி காட்டும் எண்ணைவிடவும் அவர் சொல்லும் எண்ணே நமக்கு முக்கியமானது.